கண்டதை எழுதுகிறவள்

'படகை மூடியிருக்கும் நீலத் தறப்பாள் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறதே முல்லை அக்கா, அதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்?'

தனிமடலில் இருந்தது இவ்வளவுதான். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. அனுப்பியவர் பெயர் பனித்துளி.

ஜெயனி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். கையிலிருந்த தேத்தண்ணி சரிந்து மடியில் ஊற்றியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அந்தத் தறப்பாள் கிழிந்திருப்பது அவளுக்கே தெரியாது.

போன வாரம் நாம் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் விட்டுவிட்டு வந்த சஜிதாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரொறன்ரோவில் புருஷன் றஜிந்தனின் கைக்குத் தப்பி, ஐந்து வயது மகள் அனெற்றையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். ஜெயனியின் மச்சாள் றோசலின்தான் அவளைத் தங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பற்றிக் என்பவரின் நிலக்கீழ் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள். பெண்கள் தங்குமிடத்தில் திங்கட்கிழமைதான் அறை காலியாகும். இன்றைக்குச் சனிக்கிழமை.

அந்த வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தவள் ஜெயனி. நிலத்தோடு ஒட்டிய சின்னச் சன்னல், அதற்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரன் குளிர்காலத்துக்கு மூடிப் போட்டிருந்த படகு, நீலத் தறப்பாள். பார்த்துவிட்டு வந்தாள். வந்த கையோடு எழுதினாள்.

ஆம், நம்முடைய ஜெயனிதான் 'முல்லை'. வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

தமிழ் வீடுகளில் ஒவ்வொரு நாளும் ஓடுகிற 'சாந்தநாயகி' சின்னத்திரைத் தொடரில், நாயகி புருஷன் துரைவேலனிடம் அடி வாங்குவாள், அழுவாள், அடுத்த நாள் அவனுக்கே தோசை சுடுவாள். இணையத்தில் அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடுகிற மன்றம் ஒன்று இருந்தது. தொடரில் வராததை அங்கே ஆளாளுக்கு எழுதினார்கள். முல்லையின் ரசிகர் கதையில் சாந்தநாயகி வீட்டை விட்டு வெளிக்கிட்டாள். மகள் பூவிழியோடு பனி கொட்டுகிற தேசம் ஒன்றுக்கு வந்தாள். ஆற்றுக்குக் கீழால் மஞ்சள் பாதையில் ரயில் ஓடுகிற நகரத்தில், படகு தெரிகிற நிலக்கீழ் வீடு ஒன்றில் ஒளிந்துகொண்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

இந்தக் கிழமை மன்றத்தில் யாரோ ஒரு விவாதத் திரி தொடங்கியிருந்தார்கள். 'எழுதுகிறவர்களே, உங்களுக்குக் கதை எங்கேயிருந்து கிடைக்கிறது?' ஒருத்தி பஸ்ஸில் பாட்டுக் கேட்கும்போது என்றாள். இன்னொருத்தி, தொடரில் வசனமே கொடுக்காமல் விட்ட சமையற்காரியை நினைத்துப் பார்ப்பேன் என்றாள். கமரா முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில்தான் என் கதை தொடங்கும் என்றார் ஒரு பெரியவர்.

ஜெயனிக்கும் கை சும்மா இருக்கவில்லை. 'எனக்குக் கற்பனை வராது. கண்டதையும் கேட்டதையும்தான் எழுதுகிறேன். அந்த நிலக்கீழ் வீடு உண்மையாகவே இருக்கிறது. அந்தச் சின்னப் பிள்ளையும் இருக்கிறாள்.'

எல்லோரும் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு இந்தத் தனிமடல்.

ஜெயனி தொலைபேசியைப் பிடுங்கினாள். சஜிதாவுக்கு ஒருதரம் அடித்து வைத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும், அப்போதுதான் எடுப்பாள். அடித்தாள். வைத்தாள். திரும்ப அடித்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆருக்கு இவ்வளவு நேரமா அடிக்கிறீர்?" வாசலில் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டியபடி புருஷன் ஜெராட் கேட்டான். லிப்ற் திருத்துகிற வேலை அவனுக்கு. அவர்கள் இருக்கிற லவாலிலேயே ஒரு கட்டடத்தில் பழுது பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். "என்ன, மடியெல்லாம் ஈரம்?"

"இஞ்சேருங்கோ…" திரையைக் காட்டினாள்.

ஜெராட் குனிந்து வாசித்தான். "ஆர் இது முல்லை?"

"நான்தான்."

"நீரோ?"

"நான்தான் எழுதுறனான். சஜிதான்ர வீட்டை எழுதிப் போட்டன். படகையும் எழுதிப் போட்டன். ஆனா தறப்பாள் கிழிஞ்சதை நான் எழுதேல்லை. நான் காணவுமில்லை. ஆரோ அங்கை போய்ப் பாத்திருக்கினம். இப்ப போனும் எடுக்கிறாளில்லை!"

ஜெராட்டுக்கு முழுதும் விளங்கியதோ இல்லையோ, கடைசி வார்த்தை விளங்கியது. மாடிப்படியடிக்குப் போய்த் தலையை நிமிர்த்திக் கத்தினான். "அக்கா! கெதியா கீழ வா! கோட்டையும் போட்டுக்கொண்டு வா!"

மேல்வீட்டில் இருக்கிற றோசலின் ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் விட்டபடி இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மற்றக் கையை விட மறந்துபோனாள்.

"எடி ஜெயனி. செபக்கூட்டத்தில நான் என்னெண்டு சொன்னனான்? 'ஒரு பிள்ளைக்காக மன்றாடுவம், பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்' எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"ஓம் மச்சாள்."

"நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செபிக்க, நீ மட்டும் கண்ணைத் திறந்து வைச்சுக் கதை பொறுக்கிக்கொண்டு இருந்தனியோ?"

ஜெயனி தலையைக் குனிந்தாள். அதுதான் உண்மை. கிழமைக்கு ஒரு வீடாகப் போகிற அந்தச் செபக்கூட்டத்தில், செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்களுக்காக எதற்கு மன்றாட வேண்டும் என்று கருத்துச் சொல்லுவார்கள். மகன் கதைக்கிறானில்லை, மருமகள் சாப்பாடு போடுகிறாளில்லை, இவர் திரும்பக் குடிக்கத் தொடங்கிவிட்டார். முல்லையின் அத்தியாயங்கள் முக்கால்வாசி அங்கேதான் முளைத்தவை.

"பொலிசுக்கு அடிப்பம்" என்றான் ஜெராட்.

"அடிச்சு? தறப்பாள் கிழிஞ்சுபோச்சு எண்டு ஒருத்தி கொம்பியூட்டரில எழுதினவள், ஓடி வாங்கோ எண்டு சொல்லுறதோ? முதல் பிள்ளையளைப் பாப்பம். உன்ர வானை எடடா."

பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. கீழே ஆறு உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடந்தது. ஜெயனி பின்சீற்றில் இருந்து திரும்பத் திரும்ப அடித்தாள். அதே மணி. அதே வெறுமை.

"பற்றிக் அண்ணைக்கு அடிச்சுப் பாத்தனியளோ?"

"அந்த மனுசன் லொறியோட ஹலிபக்ஸுக்குப் போட்டுது" என்றாள் றோசலின். கோட்டின் மற்றக் கையையும் மாட்டினாள். பிறகு முன்சீற்றிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "என்னையும் எழுதினனியோ?"

ஜெயனி திரும்பவும் எண்களை அழுத்தினாள்.

"கேக்கிறன் எல்லே."

"சாந்தநாயகிக்கு ஒரு பெரியம்மா வருவா…"

"என்னெண்டு எழுதினனி?"

"வாய் பொல்லாது, மனம் நல்லது எண்டு."

றோசலின் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ஜெராட்டுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

லொங்குய் மெற்றோவைத் தாண்டி இரண்டாவது தெரு. பற்றிக்கின் வீட்டு வாசலில் வான் நின்றது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஜெராட் இறங்கி, ஒரு கையால் மற்ற இருவரையும் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கவாட்டால் நடந்தான். ஜெயனி கேட்கவில்லை. பின்னாலேயே போனாள்.

படகு நின்றது. மேலே நீலத் தறப்பாள் கிடந்தது. தெருப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் முழுசாகத்தான் இருந்தது.

"கிழிசல் எங்கை?" ஜெராட் எட்டிப் பார்த்தான். "அந்தா. சன்னல் பக்கமா. அதைப் பாக்கிறதெண்டால் சன்னலடிக்கு வந்து குனிய வேணும்."

ஜெயனியின் மனதில் அந்தக் காட்சி ஓடியது. சன்னலடியில் நின்று குனிந்த ஒருவன். உள்ளே மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த சஜிதா.

பிறகு அவள் கண் நிலத்துக்குப் போனது.

சன்னலுக்கும் படகுக்கும் நடுவே பனி விரித்த துணியாய்க் கிடந்தது. இந்தக் கிழமை முழுக்கப் புதுப் பனி விழவில்லை. ஆனாலும் அதில் ஒரு காலடி இல்லை.

"இஞ்சேருங்கோ. இதில ஒருத்தரும் நடக்கேல்லை."

"அப்ப எங்கயிருந்து பாத்தது?"

சன்னலுக்குள் திரை விலகியது. ஒரு சின்ன மூக்கு கண்ணாடியில் அப்பிக்கொண்டு அவர்களைப் பார்த்தது. அனெற்.

கதவு திறக்க நேரமானது. றோசலின் தன் பெயரை உரத்துச் சொன்ன பிறகுதான் கொண்டி கழன்றது. சஜிதா கையில் மரக்கறி வெட்டுகிற கத்தியோடு நின்றாள். பயத்தில் அதைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"ஏனடி போன் எடுக்கேல்லை? உயிர் போட்டுது எங்களுக்கு!"

"பயத்தில எடுக்கேல்லை அக்கா. விடியத் தொட்டு ஆரோ அடிக்கினம். எடுத்தால் கதைக்கினமில்லை. மூச்சு மட்டும் கேக்குது. பேந்து நான் வயரைக் கழட்டிப் போட்டன்."

அறையின் மூலையில் பற்றிக் விட்டுவைத்த பழைய கணினி எரிந்துகொண்டிருந்தது. திரையில் அந்த மன்றத்தின் இளம்பச்சை நிறம். ஜெயனிக்குத் தூரத்திலேயே தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்க்கிற நிறம்!

"நீர்தானோ பனித்துளி?" கேட்டுவிட்டாள்.

சஜிதா அவளைப் பார்த்தாள். இடியப்பம் கொண்டுவந்த அக்கா. கதவடியில் நின்று எல்லாவற்றையும் உற்றுப் பார்த்த அக்கா.

"அப்ப நீங்கள்தான் முல்லை" என்றாள் மெதுவாக. "நான் ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்தன். இந்த வீட்டுக்கு வந்து போன ஆள்தான் எழுதுறது எண்டு தெரியும். ஆரெண்டு தெரியேல்லை. அதுதான் தறப்பாளைப் பற்றிக் கேட்டு எழுதினன். பதறி ஓடி வாற ஆள்தான் முல்லை எண்டு பிடிச்சிடலாம் எண்டு."

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் சஜி."

"முதல்நாள் வாசிக்கக் கைகால் விறைச்சுப்போச்சு. பேந்து…" கத்தியை மேசையில் வைத்தாள். "பேந்து ஒவ்வொரு நாளும் நீங்கள் எழுதிப்போட்டியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அந்தக் கதையில சாந்தநாயகி பிடிபடேல்லையெண்டால் நானும் பிடிபடமாட்டன் எண்டு ஒரு எண்ணம். விசர் எண்ணம்தான். என்னை அடி வாங்கினவள் எண்டுதான் எல்லாரும் கதைக்கினம். நீங்கள் மட்டும்தான் வெளிக்கிட்டு வந்தவள் எண்டு எழுதினியள்."

ஜெயனியின் நெஞ்சில் இருந்த பாரம் ஒரு பக்கம் இறங்கியது. அடுத்த கணமே பத்து மடங்காக ஏறியது.

"நான் ஒரு பிழை விட்டிட்டன் அக்கா" என்றாள் சஜிதா. "பெருமையில ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில இருக்கிற என்ர தங்கச்சிக்கு அந்தக் கதையை அனுப்பினனான். 'இது நான்தான், வாசிச்சுப் பார்' எண்டு. புதன்கிழமை என்ர மனுசன் அங்கை போயிருக்கிறார். சமாதானமாக் கதைக்க வந்தனான் எண்டு சொல்லி இருந்திருக்கிறார். அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம், கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தவராம். அவளின்ர ஈமெயில் திறந்தபடி கிடந்ததாம். நம்பரும் அதிலதான். நேற்றுத்தான் அழுதழுது சொன்னவள். என்ர பிழை எண்ட வெக்கத்தில உங்களுக்குச் சொல்லாமல் இருந்திட்டன்."

றோசலின் மாதாவின் பதக்கத்தைக் கழுத்தோடு அழுத்திப் பிடித்தாள்.

புதன்கிழமை வாசித்திருக்கிறான். இன்றைக்குச் சனி. ரொறன்ரோவிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் இங்கே. மஞ்சள் பாதையின் கடைசி மெற்றோவில் இறங்கி, தறப்பாள் போட்ட படகைத் தேடி நாலு தெரு நடந்தால் போதும்.

"உடுப்பைக் கட்டு" என்றாள் றோசலின். "பேந்து அழலாம்."

லவாலுக்குத் திரும்பும் வழியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஜெராட் பின்கண்ணாடியைப் பார்த்தான். அனெற்றுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "மம்மி, நாங்கள் திரும்பப் பஸ்ஸில போறமோ?" என்று கேட்டாள். சஜிதா அவளின் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டாள்.

வீட்டுக்கு வந்து திரைகளை இழுத்து மூடினார்கள். ஜெராட் பொலிசுக்கு அடித்தான். இந்தத் தடவை றோசலின் தடுக்கவில்லை. மூச்சுக் கேட்ட அழைப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டார்கள், ஆள் நேரில் வந்தால் உடனே தொலைபேசி அடிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

"வந்தாப் பிறகு அடிக்கிறதோ!" றோசலின் மேசையில் ஒரு அடி அடித்தாள். பிறகு மெல்ல ஜெயனியின் பக்கம் திரும்பினாள். "ஏய். நீ எழுதுறதை அவன் வாசிக்கிறான் எல்லே?"

"ஓம்."

"நம்புறான் எல்லே?"

"நான் கண்டதைத்தான் எழுதுறனான் எண்டு நானே சொல்லிப்போட்டன். நம்பாமல் என்ன செய்வான்?"

"அப்ப கதிரையில இருந்து எழுது. சாந்தநாயகியை இந்த ஊரை விட்டு அனுப்பு. நாட்டின்ர மற்றக் கரைக்கு, வன்கூவருக்கு அனுப்பு. திங்கட்கிழமை வரைக்கும் அந்த நாய் அந்தப் பக்கம் ஓடித் திரியட்டும். செபம் நான் பாக்கிறன். பொய்யை நீ பார்."

ஜெயனி கணினிக்கு முன்னால் இருந்தாள். விரல்கள் விசைப்பலகையில் கிடந்தன. அசையவில்லை.

வன்கூவரை அவள் கண்டதில்லை. அங்கே போகிற ரயிலில் ஏறினதில்லை. அங்கே போன ஒருவரும் செபக்கூட்டத்தில் கருத்துச் சொன்னதில்லை. எழுதினாள், அழித்தாள். 'ரயில் புறப்பட்டது. சாந்தநாயகி சன்னலோரம் அமர்ந்தாள்.' செத்த வசனம். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

"எழுதிட்டீரோ?" ஜெராட் சன்னல் திரை இடுக்கால் தெருவைப் பார்த்தபடியே கேட்டான்.

"வருகுதில்லையப்பா."

"வர வேணும்."

சாந்தநாயகி மாமாவிடம் போகிறாள் என்று எழுதினாள். ரயிலின் பெட்டிகளை எழுதினாள், வெளியே ஓடுகிற பனிவெளியை எழுதினாள். எல்லாம் கடதாசிப் பூ மாதிரி இருந்தது. அந்தச் சின்னப் பிள்ளை பூவிழி ரயிலில் என்ன செய்வாள்? தூங்குவாளா? அழுவாளா?

ஜெயனி பக்கவாட்டில் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையில் அனெற் ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். சுளையில் ஒட்டிய வெள்ளை நாரை ஒவ்வொன்றாகக் களைந்தாள். சுளைகளை மேசை விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஆகச் சின்னச் சுளையை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து, "நீதான் டிரைவர்" என்று அதற்குச் சொன்னாள்.

விரல்கள் தாமாக ஓடின. ரயில் பெட்டிக்குள் பூவிழி வந்துவிட்டாள். அவளோடு சேர்ந்து ரயிலும் நகர்ந்தது. ஜெயனிக்கு மூச்சு வந்தது. கடைசி வரி வரைக்கும் நிற்காமல் அடித்து, மன்றத்தில் ஏற்றினாள்.

சனிக்கிழமைப் பின்னேரம். உலகம் முழுக்க மன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். பின்னூட்டங்கள் வரத் தொடங்கின.

'அப்பாடா, தப்பிவிட்டாள்!'

'வன்கூவரில் என் அண்ணி இருக்கிறாள், சாந்தநாயகியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவா?'

'பூவிழியைக் கொஞ்ச வேண்டும் போல இருக்கிறது.'

நம்பிவிட்டார்கள். ஜெயனி கண்ணை மூடிச் சிலுவை போட்டாள். திறந்தபோது இன்னொன்று வந்திருந்தது. மன்றத்தில் முன்பு காணாத பெயர். இன்றைக்குத்தான் சேர்ந்திருந்தது.

'நல்ல அத்தியாயம், முல்லை. தோடம்பழத்தில் சின்னச் சுளையை டிரைவர் ஆக்குகிற பிள்ளையை எனக்குத் தெரியும். அந்த விளையாட்டை அவளுக்குப் பழக்கியதே நான்தான். நீங்கள் கண்டதைத்தானே எழுதுகிறவர்? அப்படியென்றால் அவள் ரயிலில் இல்லை. உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறாள்.'

ஜெயனி அதைத் திரும்ப வாசித்தாள். கண் திரையின் இடது ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே அவளுடைய ஒவ்வொரு அத்தியாயத்தின் பக்கத்திலும், மன்றத்தில் சேர்ந்த அன்றைக்கு அவளே நிரப்பிவிட்டு மறந்துபோன விபரம், சின்ன எழுத்தில் நின்றது.

முல்லை. வசிப்பிடம்: லவால்.

"ஆரும் வாசிச்சினமோ அக்கா?" சஜிதா கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இன்றைக்கு முதல்தரமாக ஒரு வெளிச்சம்.

ஜெயனி கதிரையைத் திருப்பித் திரையை முதுகால் மறைத்தாள்.

"எல்லாரும் வாசிச்சிட்டினம் சஜி" என்றாள். "எல்லாரும் நம்பிட்டினம்."

அந்தப் பொய்க்கு மட்டும் அவளுக்கு எங்கேயும் பார்க்கத் தேவைப்படவில்லை.